தீனி மணி

மணி அடிப்பதற்கு முன்பே மீன்கள் வந்துவிட்டிருந்தன.

தேன்மொழி மிதவைத் துறையின் கடைசிப் பலகையில், ஒரு கையில் தீனி வாளியும் மறு கையில் இரும்புக் கம்பியுமாக நின்றாள். கம்பியை இன்னும் ஓங்கக்கூட இல்லை. எப்போதும் அவள் அடித்த பிறகுதான் மடுவின் ஆழத்திலிருந்து கெலா மீன்கள் கருநிழல்களாகக் கிளம்பும். பாதி வழியில் செம்பு நிறமாகும். மேலே வந்ததும் ஐம்பது காசு அகலச் செதில்கள் மின்ன, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு தண்ணீரைக் கொதிக்க வைக்கும். இன்று அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. வட்டம் கட்டி நின்று, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, வாயைத் திறந்தபடி காத்திருந்தன. ஒரு வால்கூட அசையவில்லை.

"அவ்வளவு பசியா?" என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் அதைக் கவனித்தாள். வட்டத்தின் நடுவே மீன்கள் ஓர் இடத்தை விட்டு வைத்திருந்தன. ஓர் ஆள் மல்லாந்து படுத்தால் கொள்ளுகிற நீளம், அகலம். அதற்குள் ஒரு மீனும் மூக்கை நுழைக்கவில்லை. சுற்றிலும் ஆறு தேயிலைச் சாற்றின் நிறத்தில் தெளிந்து கிடக்க, அந்த இடம் மட்டும் கடுங்காப்பியாய்க் கறுத்திருந்தது.

ஒரு பிடித் தீனியை அள்ளி வீசினாள். மீன்கள் தொடவில்லை. உருண்டைகள் மெல்ல மிதந்து அந்தக் கறுத்த இடத்துக்குள் போயின. போய், ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. குமிழி இல்லை, அலை இல்லை. அது மிதக்கும் தீனி. மூழ்காது. மூட்டையின் மேலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

சாஆ டவுனிலிருந்து செம்பனைத் தோட்டங்களைக் கடந்து, மண்சாலை முடியும் இடத்தில் இருந்தது அந்தக் காட்டுக் காப்பகம். ஆறு அரசாங்கத்துடையது, அதனால் நம் எல்லாருடையதும் என்று ஒரு காலத்தில் வந்தவன் போனவன் எல்லாம் வலை போட்டான். விஷ வேரை நசுக்கிக் கலந்தான். முதுகில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கரண்டு விட்டான். கெலா என்றொரு மீன் இருந்தது என்று சொல்லும் நிலைமை வந்தபோது, ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த கம்பத்து, அந்தக் கிராமத்து, ஆட்களே கூடிப் பேசி, இந்த மடுவில் இனி யாரும் தூண்டில்கூடப் போடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தார்கள். காவலுக்கும் தீனிக்கும் காப்பகத்தில் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள். ரூபேந்திரன் ஒருவன். அவன் மனைவி தேன்மொழி இன்னொருத்தி.

மணி ரூபேந்திரனின் ஏற்பாடு. அவன் வளர்ந்த தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்களைக் கூப்பிட, அடிப்பாகம் அறுத்த கேஸ் தோங், காலி சிலிண்டர், ஒன்றை மரத்தில் தொங்கவிட்டிருந்தார்களாம். அதே மாதிரி ஒன்றைத் துறையோரத்து மரக்கிளையில் கட்டினான். வேகமாக இரண்டு அடி, நிதானமாக ஓர் அடி. டங்டங், டங். மீன்கள் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டன. இந்தக் காட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் கோடு கிடையாது. ஆற்றில் ரோந்து போகும் அவனைக் கூப்பிட வேறொரு தாளம் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்டதற்கு, எதுக்கு ரெண்டு, மீன் திங்குற நேரமும் நான் திரும்புற நேரமும் ஒண்ணுதானே என்று சிரித்துவிட்டான். மணி காதில் விழுந்ததும் படகின் விளிம்பில் துடுப்பால் அதே தாளத்தைத் திருப்பித் தட்டுவான். வந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள்.

இன்று காலை கெலா ஒன்று செத்து மிதந்து வந்தது. முதுகெலும்பு முறிந்து, பக்கவாட்டில் கருகிய கோடு. மேலே எவனோ கரண்டு விடுகிறான். தனியாகப் போகாதீங்க என்று அவள் தடுத்ததை அவன் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், மதியச் சோற்றுக்கு இங்கே இருப்பேன் என்று படகைக் கிளப்பினான். மதியம் தாண்டி, வெயில் இல்லாத வெளிச்சம் சாம்பலாகி, இப்போது சாயங்காலமே சாயப் பார்க்கிறது. சோறு மூடிய தட்டுக்குள் ஆறிக் கிடந்தது. வாக்கி டாக்கியில் சலசலப்பு மட்டும்தான்.

பயம் கரண்டுக்காரர்களைப் பற்றி மட்டுமல்ல. மலை உச்சி காலையிலிருந்தே கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே மழை கொட்டினால் இங்கே ஒரு துளி விழாமலே வெள்ளம் வரும். மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா ஆயெர் என்பார்கள், தண்ணீரின் தலை. மரங்களைப் பிடுங்கிக்கொண்டு சுவர் போல இறங்கும். போன மழைக்காலத்தில், பேட்டரி கட்டிய இரண்டு பேரை இந்த மடுவுக்கு மேலே அடித்துக்கொண்டு போனது. தேடாத இடமில்லை. ஆட்கள் கிடைக்கவில்லை. அந்தத் தலை இறங்குவதற்குள் ரூபேந்திரன் கரை ஏறியாக வேண்டும். அவள் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

மேலே சாலை முடிவில் ஹாரன் சத்தம் கேட்டது. அக்பர் பாயின் வண்டி.

அக்பர் பாய் சாஆவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தீனி மூட்டையும் அரிசி பருப்பும் ஏற்றிக்கொண்டு வாராவாரம் வருவார். இறங்கும்போதே கேலியோடுதான் இறங்குவார். இன்றும் படியில் கால் வைத்ததும், "என்னா தேனு, மீனுக்கும் புருஷனுக்கும் இன்னும் ஒரே மணி..." என்று தொடங்கினார். தண்ணீரைப் பார்த்தார். முடிக்கவில்லை.

மூட்டையைக்கூட இறக்காமல், கிளம்பு என்றார். கீழே சின்னப் பாலத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது விட்டால் வண்டி தாண்டாது என்றார். அவர் வரட்டும் பாய் என்றாள். அவன் ஆம்பளை, படகு வச்சிருக்கான், நேரா கம்பத்துக்கே இறங்கிருவான், உனக்கு இங்க என்னா வேலை என்று அதட்டினார்.

"மணி அடிக்க ஆள் வேணும்லா பாய். சத்தம் கேட்டாத்தான் அவரு வருவாரு."

அக்பர் பாய் தாடியைத் தடவினார். கண்கள் மீன்களைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டன.

"பாலத்துக்கிட்ட நிக்கும்போது மணி கேட்டுச்சு தேனு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. நீதானே அடிச்ச?"

அவள் காலையிலிருந்து மணியைத் தொடவே இல்லை.

"ஆமா பாய்" என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அதைத் தானும் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

"பாலத்துக்கு அடியில கேட்ட மாதிரி இருந்துச்சு. காத்து போல" என்றார் அவர். கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறி, சேற்றில் ஒருமுறை வழுக்கி, மரங்களுக்குள் போய், அதன் டீசல் வாசனை மட்டும் ஈரக் காற்றில் சற்று நேரம் தங்கி, அதுவும் கரைந்தபோது, காடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று முதன்முறையாக அவளுக்கு உறைத்தது. சில்வண்டு இல்லை. இருட்டும் முன் கூடு திரும்பும் இருவாட்சிகளின் இறக்கைச் சத்தம் இல்லை. தன் விரல்களில் ஒட்டியிருந்த மீன்தூள் வீச்சமும், மக்கிய இலைகளின் புளித்த நெடியும், துறைக்கு அடியில் கட்டிய நீல டிரம்களைத் தண்ணீர் நக்கும் சத்தமும்தான் மிச்சம்.

கம்பியை ஓங்கி அடித்தாள்.

டங்டங். டங்.

மீன்கள் அசையவில்லை. சத்தம் எதிர்க்கரை மரங்களில் மோதி, மேலே ஆற்றோடு ஏறி, வளைவில் தேய்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதில் வந்தது. தூரத்தில், மேலே. டக்டக். டக்.

கண்ணில் நீர் முட்டிவிட்டது. கடன்காரன், உயிரை எடுத்துவிட்டான் என்று வாய்விட்டுத் திட்டினாள். வரட்டும், வந்து சாப்பிடட்டும், அப்புறம் இருக்கிறது. மறுபடி அடித்தாள். பதில் மறுபடி வந்தது, கொஞ்சம் பக்கத்தில். மூன்றாவது தடவை அடித்தாள். இன்னும் பக்கத்தில்.

நான்காவது தடவை அவள் அடிக்கவில்லை. பதில் மட்டும் வந்தது.

கை அந்தரத்தில் நின்றது. படகின் இன்ஜின் சத்தம் எங்கே? துடுப்பு விளிம்பில் பட்டால் எழும் அந்தத் தெளிவான ஓசை எங்கே? இது அடைத்துக்கொண்ட காதுக்குள் கேட்பதுபோல மொத்தையாக இருந்தது. காற்றில் வரவில்லை. உள்ளங்கால் வழியாக, பலகை வழியாக ஏறி வந்தது.

டக்டக். டக்.

வளைவில் படகு தெரிந்தது.

அது முனையை முன்னால் நீட்டி வரவில்லை. பக்கவாட்டில், சோம்பலாகச் சுழன்றபடி, நீரோட்டம் இழுத்த இழுப்பில் வந்தது. இன்ஜின் மேலே தூக்கி மடக்கப்பட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. துறையில் வந்து லேசாக முட்டி நின்றதும் எட்டிப் பார்த்தாள். யாரிடமிருந்தோ பறித்த பேட்டரிப் பெட்டி, அறுந்த வயர், கம்பி வளையம். துடுப்பு, காய்ந்தே இருந்தது. படகின் ஓரத்தில் ரூபேந்திரனின் சிலிப்பர்கள். ஜோடியாக, பக்கம் பக்கமாக, முனை தண்ணீரைப் பார்த்து. தினமும் வீட்டு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைவானே, அப்படி.

சண்டை நடந்த தடயம் இல்லை. கவிழ்ந்த தடயம் இல்லை. கழற்றி வைத்துவிட்டு எங்கேயோ நுழைந்திருக்கிறான்.

டக்டக். டக்.

இந்த முறை துறைக்கு அடியில். கடைசி டிரம்மில்.

தேன்மொழி ஓடினாள். பலகைகள் ஆடின. அவள் ஓட ஓட, தட்டலும் டிரம் டிரம்மாகக் கூடவே வந்தது. கரையில் கால் பட்டதும் நின்றது. படிகளில் விழுந்து எழுந்து, முழங்கால் சிராய்த்து, குவாட்டர்ஸ் கதவைத் திறந்து உள்ளே போய், விளக்கைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம். மேசையில் மூடிய சோறு. கொடியில் அவனுடைய துண்டு. எல்லாம் வழக்கம்போல. கதவைத் தாழிட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாக்கி டாக்கியை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டாள். சலசலப்பு. அலுவலகத்தைக் கூப்பிட்டாள். சலசலப்பு. பிறகு சலசலப்பு ஒரு கணம் நின்று, அதற்குள்ளிருந்து தண்ணீர் விழுங்கும் ஒலி ஒன்று வந்தது. அணைத்துவிட்டாள்.

வெளியே, கீழே, பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

அவனாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. படகிலிருந்து விழுந்திருக்கலாம். நீந்தி வந்து, துறைக்கு அடியில் கயிற்றில் சிக்கி, தலையைத் தூக்க முடியாமல், கத்த முடியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வந்துகொண்டிருக்கிறேன் என்று. அவள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மலைப்பக்கம் மெதுவாக ஓர் உறுமல் கேட்டது. லாரி ஒன்று வெகு தூரத்தில் மேடேறுவதைப்போல. ஆனால் அங்கே சாலை இல்லை.

தண்ணீரின் தலை. அது வந்துவிட்டால் அப்புறம் எதுவும் கிடைக்காது. ஆளும் கிடைக்காது, உடம்பும் கிடைக்காது.

டார்ச்சையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

துறை இருட்டிவிட்டிருந்தது. அவள் பலகையில் கால் வைத்ததும் தட்டல் நின்றது. டார்ச் வெளிச்சம் தண்ணீரில் நடுங்கியது. மீன்கள் அதே வட்டத்தில், அதே திறந்த வாய்களோடு. வெளிச்சத்தை நடுவே கொண்டுபோனாள்.

அந்த இடம் காலியாக இல்லை.

முகம். தண்ணீரின் மட்டத்துக்குச் சரியாக, மல்லாந்து. நெற்றியில் ஒட்டிய முடி. திறந்த கண்கள். திறந்த வாய்.

ரூபேந்திரன்.

கண்கள் அவளைப் பார்த்தன. செத்தவனின் பார்வை இல்லை. அவளை அடையாளம் தெரிந்த பார்வை. வாய் மூடியது. திறந்தது. மூடியது. திறந்தது. மூச்சு இல்லை. குமிழி இல்லை. உதடுகள் வட்டமாகக் குவிந்து, நீண்டு, மறுபடி விரிந்தன.

"ஏங்க" என்றாள். "ஏங்க, கையக் குடுங்க."

கயிற்றை வீசினாள். கயிறு அவன் மார்பில் விழுந்து வழுக்கியது. கை எழவில்லை. மண்டியிட்டு, உடம்பை வளைத்து, அவன் சட்டைக் காலரை எட்டினாள். விரல் நுனி பட்டது. குளிர். வழவழப்பு. பட்ட அடுத்த கணம் அவன் பின்வாங்கினான். ஒரு கெலா எப்படிப் பின்வாங்குமோ, அப்படி. வாலில்லாமல். முகம் கீழே இறங்கியது. மேலே தண்ணீர் மூடியது. சுற்றியிருந்த மீன்கள் அத்தனையும் சேர்ந்து இறங்கின. மடு கறுப்பாக, வெறுமையாக, சலனமில்லாமல் கிடந்தது.

"வேணாம். போகாதீங்க. போகாதீங்க."

உறுமல் கொஞ்சம் கூடியிருந்தது.

யோசிக்கவில்லை. கம்பியை எடுத்து அடித்தாள்.

டங்டங். டங்.

ஆழத்தில் கருநிழல்கள். ஏறின. வட்டம் கட்டின. நடுவில் அவன். மேலே வந்து, வாயைத் திறந்து, அவளைப் பார்த்தான்.

அடிப்பதை நிறுத்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் தாழத் தொடங்கியது. கண்களுக்கு மேலே தண்ணீர். மறுபடி அடித்தாள். வந்தான். நிறுத்தினாள். தாழ்ந்தான்.

புரிந்துவிட்டது. மணிக்கு வருவார்கள். தீனிக்குத்தான் நிற்பார்கள்.

வாளி காலடியில் இருந்தது. ஒரு பிடி அள்ளினாள். அவசரத்தில் பாதி பலகையில் சிதறியது. மீதியை அவன் முகத்துக்கு நேராகப் போட்டாள்.

அவன் தின்றான்.

வாய் வேகமாகத் திறந்து மூடியது. உருண்டைகள் உள்ளே போயின. தொண்டை அசைந்தது. கண்கள் அவளை விட்டு விலகவில்லை. இன்னொரு பிடி. அதையும் தின்றான். முகம் தாழவில்லை. நின்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மதியச் சோறுகூடச் சாப்பிடவில்லையே. பசியாகத்தான் இருக்கும்.

"சாப்பிடுங்க" என்றாள். "மெதுவா."

இன்னொரு பிடி. ஒவ்வொரு பிடிக்கும் கொஞ்சம் நெருங்கினான். ஒரு முழம். ஒரு சாண். கன்னத்து மச்சம் தெரிந்தது. காலையில் சவரம் செய்தபோது கீறிய இடம் தெரிந்தது. அதில் ரத்தம் இல்லை. வெள்ளையாக விரிந்திருந்தது.

அவனுக்குப் பின்னால் தண்ணீர் நெளிந்தது.

இன்னொரு முகம் மேலே வந்தது.

தோல் ஊறி வெளுத்த முகம். கண் இருந்த இடத்தில் கண் இல்லை. வாய் இருந்தது. திறந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கும் பின்னால், டார்ச் வெளிச்சம் எட்டுகிற தூரம் வரை, கெலாக்களின் மூக்குகளுக்கு இடையே, வட்டம் வட்டமாக. பெரியவை. சின்னவை. பாசி படிந்தவை. இத்தனை பேரை ஆறு எப்போது எடுத்தது? யாரும் தேடாதவர்களும் இருந்தார்கள். எல்லா வாயும் திறந்து, மூடி, திறந்து, ஒரே தாளத்தில்.

அவள் அவனுக்கு மட்டும் போட்டாள். பார்த்துப் பார்த்து, அவன் உதட்டுக்கே போட்டாள். மற்றவர்கள் பறிக்கவில்லை.

ஒரு பிடி. இன்னொரு பிடி.

விரல்கள் வாளியின் அடியைச் சுரண்டின. பிளாஸ்டிக். ஈரத் தூள். வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். தூள் விழுந்தது. அவன் அதையும் நக்கினான். பலகையில் சிதறியதைப் பொறுக்கினாள். இருட்டில் தடவித் தடவி, நகத்தால் இடுக்கில் தோண்டி, ஒவ்வோர் உருண்டையாக. அதுவும் தீர்ந்தது. புது மூட்டை அக்பர் பாயின் வண்டியிலேயே போய்விட்டிருந்தது.

வளைவில் மரங்கள் முறியத் தொடங்கின.

அவன் காத்திருந்தான். வாய் திறந்தபடி. தண்ணீர் அவன் தாடையில் ஏறியது. கீழ் உதட்டில் ஏறியது. தாழப் போகிறான்.

"இருங்க" என்றாள். "இருங்க, இருங்க."

வலது கையை நீட்டினாள்.

வெறுங்கை. மீன்தூள் மணக்கும் கை. விரல்களைக் குவித்து, குழந்தைக்கு ஊட்டுவதைப்போல அவன் வாயருகே கொண்டுபோனாள். தாழ்ந்துகொண்டிருந்த முகம் நின்றது. கண்கள் விரிந்தன. உதடுகள் நீண்டு வந்து விரல் நுனியைத் தொட்டன. குளிர்ந்த, மெத்தென்ற தொடுகை. பிறகு விரல்கள். பிறகு உள்ளங்கை. மெதுவாக, வலிக்காமல், மணிக்கட்டு வரை.

அவன் போகவில்லை. நின்றான்.

அவனுக்குப் பின்னால் மற்ற வாய்கள், தங்கள் முறை வரட்டும் என்று, முண்டியடிக்காமல் காத்துக் கிடந்தன.